கோட்டுகால் முதல் களியக்காவிளை வரையிலான எல்லைப் பகுதிகளில் வேற்று இயங்குதளக் கணினிகளுக்கிடையே கோப்புகள் கைமாறும் முறைமை: ஓர் ஆய்வு

முந்தைய ஆய்வுகளும் அவற்றின் குறைபாடுகளும்

இப்பொருள் பற்றி முந்தைய ஆய்வுகள் எவையும் இல்லை. எனவே அவற்றின் குறைபாடுகளை முதலில் சுட்டிவிடுவது ஆய்வு மரபு. அவை கள ஆய்வு செய்யவில்லை. செய்திருந்தாலும் பாறசாலையில் இறங்கி வெயிலில் நடந்து செய்யவில்லை. மேலும் அவை எழுதப்படவே இல்லை என்பது அவற்றின் முறையியலில் காணப்படும் பெருங்குறை. அந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை. நிரப்பாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

ஆய்வெல்லை

மேற்கே அரபிக்கடல். அதன் கரையில், விழிஞ்ஞத்துக்கு அண்டையில், கேரளத்தின் நெய்யாற்றின்கரை தாலுகாவைச் சேர்ந்த கோட்டுகால். தென்கிழக்கே போனால் பாறசாலை. அதையும் தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு. இவ்வெல்லைக்குள் மக்கள் பேசுவது தமிழா, மலையாளமா என்ற வினாவை இவ்வாய்வு எழுப்பாது. எழுப்பினால் இரண்டு பக்கமும் அடி விழும்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இயங்குதளம் வேறு என்பது பலர் கவனிக்காத ஒன்று. கேரளத்தில் 2001இல் தொடங்கி, இப்போது ‘கைட்’ என்ற பெயரில் நடக்கும் பள்ளிக் கணினித் திட்டம், பிள்ளைகளுக்குக் குனு/லினக்ஸைக் கற்றுக்கொடுக்கிறது. தமிழ்நாட்டில் 2011 முதல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அரசு இலவச மடிக்கணினி தந்தது. தொடக்கத்தில் வந்த கணினிகளில் விண்டோஸும் இருந்தது, சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. பிள்ளைகள் திறந்தது எதை என்று கேட்க வேண்டியதில்லை. ஆக பாறசாலைப் பையன் லினக்ஸ், களியக்காவிளைப் பையன் விண்டோஸ். இருவரும் மாமன் மகன், அத்தை மகன். சினிமா மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஆய்வுச் சிக்கல்

எல்லையோரத்தில் ஒரு டிடிபி கடை. மேசையில் இரண்டு கணினி. ஒன்று விண்டோஸ் எக்ஸ்பி. 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7 அதில்தான் ஓடுகிறது, மலையாள எழுத்துருக்களும் அதில்தான் இருக்கின்றன. அதனால் அதை மாற்றக் கூடாது என்பது கடையின் சட்டம். இரண்டாவது, கடைக்காரரின் மகன் கொண்டுவந்து வைத்த லினக்ஸ். மணமகள் பாறசாலை, மணமகன் மார்த்தாண்டம். கல்யாணக் கார்டில் இடப்பக்கம் மலையாளம், வலப்பக்கம் தமிழ். மலையாளம் எக்ஸ்பியில் இருக்கிறது, தமிழ் லினக்ஸில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. இரண்டும் ஒரே ரவுட்டரில் செருகப்பட்டவை (காண்க: ரவுட்டரின் அடிப்புறம், ஸ்டிக்கர், வரி 3). இந்த ஒரு முழத்தைக் கோப்பு கடப்பது எப்படி? இதுவே ஆய்வுச் சிக்கல்.

தொன்மை

எந்தப் பொருளானாலும் அதன் வேர் நம் மண்ணில்தான் என்று நிறுவாத ஆய்வு ஆய்வாகாது. நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோவில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்றொரு பலாமரம். எதிரிகள் துரத்தியபோது மார்த்தாண்ட வர்மா அதன் பொந்துக்குள் ஒளிந்து தப்பினார் என்பது வழிவழிச் செய்தி. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் ஒரு கோப்பை மறைத்து வைக்க வேண்டுமானால் அதன் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் போதும். ஆகவே அன்றைக்கு மகாராஜாவின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருந்திருக்க வேண்டும். இதைவிட மெலிந்த ஆதாரத்துக்கெல்லாம் முனைவர் பட்டம் கொடுத்திருக்கிறார்கள்.

வரலாற்றுக் காலத்துக்கு வந்தால், இப்பகுதியின் முதல் பெரிய கோப்புப் பகிர்வு நடந்தது 1956 நவம்பர் 1 அன்று. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும்தான் கேட்டது. அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. நிலம் போனால் பத்திரமும் போக வேண்டும் அல்லவா? போயிற்று. ஆனால் பத்திரங்கள் மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் எழுதப்பட்டவை. கோப்பு பத்திரமாக வந்து சேர்ந்தது, அதைத் திறக்கும் செயலி மட்டும் அந்தப் பக்கமே தங்கிவிட்டது. குமரி மாவட்டத்தில் தாத்தா காலத்துப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஆளைத் தேடி அலைகிற பேரன்களை இன்றும் பார்க்கலாம். வடிவம் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர்கள் எந்தக் கணினிப் பாடத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

நெறிமுறை வரலாறு

1983இல் ஐபிஎம்மில் பேரி ஃபைகன்பாம் என்பவர், அடுத்த கணினியின் வட்டைத் தன் கணினியின் வட்டு போலவே திறக்க ஒரு நெறிமுறை எழுதினார். முதலில் அதற்குத் தம் பெயரின் முதலெழுத்துகளையே வைத்தார். அடக்கம் வந்த பிறகு அது எஸ்எம்பி ஆனது. மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து விண்டோஸில் பரப்பியது. 1984இல் சன் நிறுவனம் யூனிக்ஸுக்காக என்எஃப்எஸ் கொண்டுவந்தது. எல்லையின் இரு பக்கமும் இரண்டு மொழி என்பது இப்படித்தான் தொடங்கிற்று.

இரண்டையும் பேச வைத்தவர் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். 1991 கடைசியில், கம்பியில் போகும் பொட்டலங்களைப் பிடித்து, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வருகிறது என்று பார்த்துப் பார்த்தே எதிர்த்தரப்பின் மொழியைக் கற்றார். பிரெஞ்சு தெரியாதவன் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் மூலையில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னால் என்ன தட்டு வருகிறது என்று கவனித்தே மொழி கற்பது போல என்று பிற்பாடு அவரே விளக்கினார். நம் புலவர்கள் இம்முறையை முன்பே அறிந்தவர்கள். ஒரே வேறுபாடு, அவர் தட்டு வரும்வரை காத்திருந்தார். நம்மவர்கள் சர்வர் வாயைத் திறப்பதற்கு முன்பே இலக்கணம் எழுதி முடித்து, மறுப்புரைக்கு மறுப்பும் அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அப்படிக் கற்று அவர் எழுதிய நிரலுக்கு முன்பு வைத்திருந்த பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகக்குறி என்று தகராறு வந்தது. உடனே அவர் கணினியில் இருந்த சொற்பட்டியலில், எஸ், எம், பி மூன்றும் அந்த வரிசையிலேயே வரும் சொற்களைத் தேடினார். அகப்பட்டவற்றில் ‘சம்பா’ ஒன்று. பிரேசில் நாட்டியத்தின் பெயர். நமக்கு அது அரிசி. நெய்யாற்றின்கரைப் பக்கம் இருந்து பார்த்தால் இரண்டாவது பொருளே முதன்மையானது என்று ஒரு சாரார் துணிவர் (கடைச்சுவர், ஜெராக்ஸ் மெஷினுக்கு இடப்புறம், ‘கடன் இல்லை’ அட்டைக்குக் கீழே, பால்பாயின்ட் எழுத்து).

2004இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு ஏறத்தாழ 49 கோடியே 72 லட்சம் யூரோ அபராதம் போட்டு, நெறிமுறை விவரங்களைப் பிறருக்கும் கொடு என்றது. வழக்கு இழுத்து இழுத்து 2007 டிசம்பரில் அந்த ஆவணங்கள் சம்பா குழுவினர் கைக்கு வந்தன, பத்தாயிரம் யூரோ கட்டணத்தில். ஒட்டுக்கேட்டுப் பதினாறு வருடம் கற்ற மொழிக்குப் பிறகுதான் அகராதி கிடைத்தது. இன்று விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றும் எஸ்எம்பி பேசும். 2013 மேவரிக்ஸ் பதிப்பிலிருந்து ஆப்பிளே அதைத் தன் முதல் விருப்பமாக வைத்துக்கொண்டது. இயந்திரங்களுக்கிடையே சண்டை முடிந்துவிட்டது. இக்கட்டுரையும் இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

பகிர்வோர் வகைமை

கள ஆய்வில் கண்ட வகைகள் வருமாறு.

பென்டிரைவ் மரபினர்: பெரும்பான்மையோர். பழைய ஃபேட்32 வடிவில் நான்கு ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது என்பதைக் கல்யாண வீடியோ நாளில் கண்டறிவர்.

மெயில் மரபினர்: தமக்குத் தாமே மெயில் போடுவோர். தனிமை மிகுந்தவர்கள்.

வாட்ஸ்அப் மரபினர்: இவர்களைப் பற்றிச் சற்று நிற்க வேண்டும். எக்ஸ்பியில் உள்ள கார்டை இவர்கள் திரையோடு போனில் படம் பிடிப்பார்கள். அந்தப் படம் ரவுட்டர் வழியாகக் கடையை விட்டு வெளியேறி, எங்கோ வெளிநாட்டில் இருக்கும் வழங்கியைத் தொட்டு, திரும்பி அதே ரவுட்டருக்கு வந்து, அதே மேசையில் இருக்கும் லினக்ஸில் இறங்கும். ஒரு முழத்துக்கு இத்தனை கடல். போகிற வழியில் படம் சுருங்கும், மணமகள் பெயர் மங்கும். “கிட்டியாச்சா மக்கா?” என்று கடைக்காரர் கேட்பார். “கிட்டிச்சு, வாயிக்க ஒக்காது” என்பான் மகன். இப்பகுதியின் பகிர்வு இலக்கியத்தில் ஆகத் தொன்மையான உரையாடல் இதுவே (பெஞ்சுப் பதிப்பு, இரண்டாம் டீக்குப் பிந்தைய பாடம். முதல் டீக்கு முந்தைய பாடத்தில் ‘மக்கா’ இல்லை. அது வடை வந்தபின் சேர்ந்த இடைச்செருகல் என்பாரும் உளர். அவர்கள் வடைக்குக் காசு கொடாதவர்கள் என்பதால் அவர் கருத்து இங்கு கொள்ளப்படவில்லை).

மேக் மரபினர்: போட்டோ ஸ்டுடியோவில் ஒருவர்.

நெட்வொர்க் மரபினர்: இல்லை.

கோட்டுகால் என்னும் பெயர் ஆறாதல்

இங்கேதான் இவ்வாய்வின் உயிர்நிலை. அந்த ஸ்டுடியோவிலிருந்து ‘கோட்டுகால்’ என்று பெயரிட்ட ஒரு கோப்புறை ஜிப்பாகி வந்தது. லினக்ஸில் ஏற்கெனவே ‘கோட்டுகால்’ என்று ஒரு கோப்புறை இருந்தது. விரித்தபின் பார்த்தால் ஒரே இடத்தில் இரண்டு ‘கோட்டுகால்’. எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒன்றில் மணமகள் படங்கள், மற்றொன்றில் மதிய சாப்பாட்டுப் படங்கள். ஒரே பெயரில் இரண்டு கோப்புறை இருக்கவே முடியாது என்று எல்லாப் பாடநூலும் சத்தியம் செய்கிறது.

பாடநூல் சொல்வது சரி. பெயர்தான் ஒன்றல்ல. யூனிகோடில் ‘கோ’ எழுத இரண்டு வழி. ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்க்கலாம். அல்லது முன்னால் ஏகாரக் கொம்பு, பின்னால் ஒரு கால் என இரண்டு குறிகளாகப் பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, பெயர் எப்படி வந்தாலும் பிரித்தே வைத்துக்கொள்ளும். லினக்ஸ் வந்ததை வந்தபடி வைத்துக்கொள்ளும். பிரிக்காத கோட்டுகாலுக்கு 10 குறி, யூடிஎஃப்-8 கணக்கில் 30 பைட். பிரித்த கோட்டுகாலுக்கு 11 குறி, 33 பைட். மூன்று பைட் கூடிய ஊர் வேறு, கூடாத ஊர் வேறு.

மலையாளத்துக்குப் போனால் இன்னும் விசேஷம். அங்கேயும் ‘கோ’வுக்கு இதே இரண்டு வழி. ஆனால் ஊர்ப்பெயர் முடிவது சில்லெழுத்து லகரத்தில். அதை லகரம், சந்திரக்கலை, கண்ணுக்கே தெரியாத ஓர் இணைப்பான் என மூன்று குறிகளால் எழுதி வந்தார்கள். 2008இல் வந்த யூனிகோடு 5.1 அதற்குத் தனிக் குறி ஒன்றைக் கொடுத்தது. கொடுக்கலாமா கூடாதா என்று அறிஞர்கள் அதற்கு முன்னும் பின்னும் வருடக்கணக்கில் சண்டையிட்டார்கள். சண்டையில் இரு தரப்பும் வென்றதால் இன்று இரண்டு வடிவமும் புழங்குகின்றன. ஆக, தொடக்கத்தில் இரண்டு, ஈற்றில் இரண்டு. மலையாளத்தில் கோட்டுகால் நான்கு. தமிழின் இரண்டையும் கூட்டினால் ஆறு. ஒரே கோப்புறைக்குள் ஆறு கோட்டுகாலை அருகருகே வைக்கலாம். எதைத் தொட்டால் எது திறக்கும் என்பதைத் திறந்துதான் பார்க்க வேண்டும். இவ்வாறு ஊரின் எண்ணிக்கை கூடியிருக்கும் செய்தி பஞ்சாயத்துக்குத் தெரியுமா, தெரிந்தால் வீட்டுவரி ஆறு முறை வாங்குவார்களா என்பது மேலாய்வுக்கு உரியது.

பாறசாலைக்கு இந்தத் தொல்லை இல்லை. அந்தப் பெயரில் பிரிகிற குறி கிடையாது. ஊருக்குப் பெயர் வைத்த முன்னோர் யூனிகோடை முன்னறிந்து செயல்பட்டனர் என இதனால் அறிக. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்துக் குழப்பத்தால் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் நடக்கும் சண்டையும் தமிழுக்குக் கிடையாது. கணினியைத் தமிழன்தான் கண்டுபிடித்தான் என்ற நூலுக்கு இது முதல் அத்தியாயம் ஆகலாம். எழுதத் தகுதி உடையோர் பலர் உளர், அவர்கள் வேறு தலைப்பில் அதே நூலை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி நீளம். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். எனவே தமிழில் 85 குறி. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸோ 255 குறி வரை தாங்கும். விண்டோஸில் நீட்டி முழக்கி வைத்த தமிழ்ப் பெயர் நெட்வொர்க் வழியாக லினக்ஸுக்குள் நுழையப் போனால் வாசலிலேயே நிறுத்தப்படும். யார் வைப்பார்கள் இத்தனை நீளப் பெயர் என்று கேட்பவர், பல்கலைக்கழக ஆய்வேடுகளின் பட்டியலைப் பார்த்ததில்லை.

சோதனைக்கு இக்கட்டுரையின் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். குறி குறியாக எண்ணினால், ‘கணினிகளுக்கிடை’ என்பது வரையில் 254 பைட் ஆகிவிடுகிறது. ‘யே’ வெளியே நிற்கிறது. அதற்குப் பிறகு வருகிற அனைத்தும், ‘ஓர் ஆய்வு’ உட்பட, தெருவில். லினக்ஸ் இத்தலைப்பை ஏற்காது. விண்டோஸுக்கு நீளம் பிரச்சினை இல்லை. ஆனால் அதற்குக் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளி ஆகாது. முக்காற்புள்ளி இல்லாவிட்டால் ‘ஓர் ஆய்வு’ என்பதை எங்கே தொங்கவிடுவது? ‘ஓர் ஆய்வு’ இல்லாவிட்டால் இது ஆய்வு என்று யாருக்குத் தெரியும்? இவ்வாறு உலகின் பெரும் இயங்குதளங்கள் இரண்டும், தமக்குள் எத்தனையோ பகை இருந்தும், தமிழாய்வுத் தலைப்பை நிராகரிப்பதில் ஒன்றுபட்டிருக்கின்றன.

காலக்கணிதம்

கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்குகிறது. விண்டோஸ் தன் நேரத்தை 1601 ஜனவரி 1 முதல் எண்ணுகிறது, யூனிக்ஸ் 1970 முதல், பழைய மேக் 1904 முதல், ஃபேட் பென்டிரைவ் 1980 முதல். பென்டிரைவில் திருத்திய நேரம் இரண்டு இரண்டு நொடியாகத்தான் பதியும், ஒற்றைப்படை நொடியே அதற்குக் கிடையாது. முகூர்த்தம் பார்த்துக் கோப்பைச் சேமிப்போர் கவனிக்க.

எக்ஸ்பியின் நிலை

2017 மே மாதம் வான்னாக்ரை என்னும் பணப்பறிப்பு நச்சுநிரல் எஸ்எம்பி முதல் பதிப்பின் ஓட்டை வழியாக நுழைந்து, உலகெங்கும் மருத்துவமனை, அலுவலகம் என்று பாராமல் கோப்புகளைப் பூட்டியது. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு, முதல் பதிப்பைப் புதிதாக நிறுவும் கணினிகளில் முன்னிருப்பாக வைப்பதைக் கைவிடத் தொடங்கியது. 2019இல் சம்பாவும் 4.11 பதிப்பில் அதை முன்னிருப்பாக நிறுத்தியது. எக்ஸ்பிக்குத் தெரிந்ததோ முதல் பதிப்பு ஒன்றுதான். ஆகவே டிடிபி கடையின் மூத்த கணினி இன்று யாரிடமும் பேச இயலாது. தன் சொந்தத் தம்பி விண்டோஸ் 10இடம்கூட. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து களியக்காவிளையில் வரிக்காக லாரிகள் காத்துக் கிடந்த காலம் முடிந்தது. அதே ஆண்டு எக்ஸ்பிக்குப் புதுச் சோதனைச் சாவடி முளைத்தது. இதில் எக்ஸ்பியின் மேல் பரிதாபப்பட வேண்டாம். ஓட்டையை மறுபடி திறந்துவிடு என்று கேட்கிற கடைக்காரருக்கு மகன் சொன்ன பதில் சரியானது, அச்சிடத் தக்கதன்று.

முடிவு

லினக்ஸில் சம்பாவை நிறுவி, ஒரு கோப்புறையைப் பகிர்ந்து, அதற்கென ஒரு பயனரும் கடவுச்சொல்லும் வைத்துவிட்டால், புதிய விண்டோஸும் மேக்கும் போனும் அதைத் திறக்கும். அரை மணி நேர வேலை. எக்ஸ்பியை நெட்வொர்க்கிலிருந்து பிடுங்கிவிட வேண்டும், அதற்கு மட்டும் பென்டிரைவ் மரபு தொடரலாம். இதைச் சொல்ல இத்தனை பக்கம் தேவையில்லை என்பது மெய். இத்தனை பக்கம் இல்லாமல் இதை யாரும் ஆய்வு என்று ஏற்க மாட்டார்கள் என்பதும் மெய்.

நெறியாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாணவர்களின் ஆய்வேட்டுத் தலைப்பை 85 குறிக்குள் முடித்துக் கொடுங்கள், முக்காற்புள்ளியை விட்டுவிடுங்கள். ஆய்வேட்டை யாரும் திறந்து படிக்கப் போவதில்லை என்றாலும், ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்காவது அது போய்ச் சேரட்டும்.